பொதுத்தேர்வுக் காலமும் ஊர் மைக் செட்டும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மாசி பிறந்தால் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடைவிழாவைத் தொடர்ந்து நம் மாவட்டத்தில் ஊர்க்கோயில் கொடைகளும் ஆலயத் திருவிழாக்களும் வரிசையாக வரும். பொதுத்தேர்வும் அதே நாட்களில்தான். விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. உங்களில் பலர் விழாக்குழுவிலும் தேவாலயப் பங்குப்பேரவையிலும் இருப்பவர்கள். மைக் செட்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே பேசவேண்டியதைப் பேசிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குப் போய்ச் சண்டை போட்டால் பாட்டும் நிற்காது, பிள்ளையும் படிக்காது.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அறவே கூடாது. அதிகாலை நான்கரைக்குப் போடும் பக்திப் பாட்டும் இதில் அடங்கும், எந்த மதத்து ஆலயமானாலும். 'திருவிழான்னா 12 மணி வரை உண்டு' என்பார்கள். மாநில அரசு முன்கூட்டியே குறிப்பிடும் நாட்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகாது. விழாக்குழு தானாக எடுத்துக்கொள்ளும் சலுகை அல்ல. அனுமதித் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). பொது இடத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்தால் அந்த இடத்தின் எல்லையில் அதைவிட 10 கூடலாம், அதாவது 65. கல்யாண வீடு, சடங்கு வீடு போன்ற தனியார் இடமென்றால் 5 மட்டுமே கூடலாம். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று பலர் நம்புகிறார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு அறிவித்திருந்தால்தான் அது செல்லும்.

சத்தம் எங்கே கெடுகிறது என்பது மைக் செட்காரருக்குத் தெரியும், கேட்டால்தான் செய்வார். ஆம்ப்ளிஃபையரின் வாட்ஸைப் பாதியாக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 குறையும். எனவே பந்தல் முகப்பில் பெரிய பாக்ஸ்களை அடுக்கி ஊரையே அலறவைப்பதைவிட, கூட்டம் இருக்கும் இடத்தில் சிறு பாக்ஸ்களைப் பிரித்து, ஆள் தலைக்குச் சற்று மேலே, முகம் கீழே சாய்த்து வைப்பது நல்லது. தென்னையிலும் மின்கம்பத்திலும் கட்டும் கூம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். அது சத்தத்தைக் குவித்து நெடுந்தூரம் அனுப்பும். பேஸ் பாக்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். ஜன்னலை அடைத்தால் பாட்டின் சொற்கள் மங்கும், அந்த இடி மட்டும் சுவரைத் தாண்டி வரும். தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்வதால் மேலே போகவேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும்; மாலையில் அளவாக இருந்த அதே பாக்ஸ் ஒன்பதரைக்கு இரண்டு தெரு தள்ளிக் கேட்பது இதனால்தான்.

சத்தம் அளக்கும் கைப்பேசிச் செயலி காட்டும் எண் சில டெசிபல் பிசகும். பேச்சுவார்த்தைக்குப் போதும், ஆதாரத்துக்குப் போதாது. விதி பார்ப்பது சராசரியை. ஒரு வெடிச் சத்தத்தில் ஏறும் எண்ணை அல்ல. ஜன்னலோரம் ஐந்து நிமிடமாவது வைத்துப் பாருங்கள். கைப்பேசியின் மைக் துளையை விரல் மறைத்தால் எண் குறைந்துவிடும்.

பேசியும் தீரவில்லையென்றால் அந்த நேரத்தில் 100 அல்லது 112-க்கு அழையுங்கள். இடம், தொடங்கிய நேரம், பாக்ஸ் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். 'ரொம்பச் சத்தம்' என்று மட்டும் சொன்னால் அலைக்கழிப்புதான். எழுத்துப் புகார் என்றால் மாவட்ட ஆட்சியருக்கோ டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத காவல் அதிகாரிக்கோ கொடுக்கலாம். அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினாலும், இரவுத் தடையை மீறினாலும் புகார் செல்லும்.

நம் பள்ளி ஆண்டு விழாவுக்கும் இதே கட்டுப்பாடுதான். பாக்ஸ்கள் மைதானத்துக்குள் பார்த்திருக்கும், பாட்டு ஒன்பது மணிக்கு நிற்கும். பிள்ளைகளின் நடனத்துக்கு 'இன்னும் கொஞ்சம் கூட்டுங்க' என்று ஆபரேட்டரிடம் போய் நிற்காதீர்கள்.

உங்கள் ஊர் விழாத் தேதிகளை வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தேர்வு அட்டவணையை இணைத்து அந்தந்த விழாக்குழுவுக்குப் பள்ளியிலிருந்து கடிதம் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்