மருந்துக்கு சாகாத களை: சங்கச் செயலாளரோட ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம் சங்கத்தோட நேரத்துல பெரும்பகுதி களைக்கொல்லி மருந்து அடிச்சும் சாகாத கோதுமைக் களையிலயே போயிடுச்சு, அதனால அறிக்கையும் அதப்பத்திதான் இருக்கும், மத்தத கடைசில சொல்லிடறேன்.

எந்தக் கூட்டம் போட்டாலும் "புது மருந்து ஏதாச்சும் வந்திருக்கா?"ன்னுதான் மொத கேள்வி. சரின்னு பழைய டப்பாவெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னோம். பிராண்டு வேற, கம்பெனி வேற, ஆனா லேபிள படிச்சா குளோடினாஃபாப், ஃபெனாக்ஸாப்ராப், பினாக்ஸாடென், மூணுமே களையோட ஏசிசிஏஸ்ங்கற ஒரே என்சைமத்தான் அடிக்குது, அதாவது களைக்கொல்லிய வேலை செய்யற விதத்த வச்சுப் பிரிச்சதுல குரூப் 1. வருஷா வருஷம் மருந்த மாத்தறேன்னு சொன்னவங்க மாத்தினது டப்பாவ மட்டும்தான்! இனிமே வாங்கறப்ப பிராண்டு பேர விட்டுட்டு வேதிப்பொருள் பேரயும் குரூப்பயும் பாருங்க.

மருந்து களைய மாத்திடுதுன்னு சிலர் நினைக்கறாங்க, அப்படி இல்ல. லட்சக்கணக்குல முளைக்கறதுல ஏற்கனவே தாங்குற ஒண்ணு ரெண்டு இருக்கும், நாம அடிக்கற மருந்து மத்ததயெல்லாம் கொன்னுட்டு அதுக்கு மட்டும் எடத்த காலி பண்ணிக் குடுக்குது. ஹரியானா, பஞ்சாப்ல நடந்தத பாருங்க, நெல்லு கோதுமைன்னு மாறாம போட்டு அதுல வருஷக்கணக்கா ஐசோப்ரோட்யூரான்ங்கற களைக்கொல்லி ஒண்ணையே அடிச்சாங்க, நிறைய பேர் ஸ்ப்ரே கூட பண்ணாம மணல்லயும் யூரியாலயும் கலந்து தூவினாங்க, 1990கள் தொடக்கத்துல கோதுமை வயல்ல வர்ற ஃபாலரிஸ் மைனர்ங்கற புல்லுக் களை சாகறதயே நிறுத்திடுச்சு. அந்த களை மருந்த உள்ளுக்குள்ளயே செரிச்சிடுது. அப்புறம் வந்த குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரானுக்கும் பின்னால அதே கதிதான். அதனால டோஸ குறைச்சு மிச்சம் பிடிக்கற பழக்கத்த விடுங்க, அரைகுறையா தாங்கினது விதை போட்டுச்சுன்னா அடுத்தடுத்த வருஷம் இன்னும் கெட்டியாதான் வரும்.

உறுப்பினர்கள் வயல்ல தப்பிச்ச செடியோட விதைய எடுத்து தொட்டில போட்டு முழு டோஸ், ரெண்டு மடங்குன்னு அடிச்சுப் பார்த்தோம், பக்கத்துலயே மருந்தே படாத எடத்து விதையயும் வச்சோம். அது இல்லாட்டி தப்பு மருந்துலயா, ஸ்ப்ரேயரிலயா, களையிலயான்னு தெரியாது. சில தொட்டில முழு டோஸுக்கே களை செத்துடுச்சு, அப்போ வயல்ல தப்பு ஸ்ப்ரேயர்ல இருந்திருக்குன்னுதான் தெரிஞ்சுது, கூம்பு நாசில் வச்சு ஆட்டிக்கிட்டே அடிக்கறவங்க ஃப்ளாட் ஃபேன் நாசிலுக்கு மாறுங்கன்னு மறுபடி கேட்டுக்கறேன்.

ஆஸ்திரேலியா முறையப் பத்தி கூட்டத்துல சூடா வாக்குவாதம் நடந்துச்சு. அங்க ரைகிராஸ்ங்கற புல்லுக் களையில 1982லயே மருந்துக்கு எதிர்ப்பு பதிவாயிருக்கு, அவங்க அறுவடை மிஷின்லயே களை விதைய பதரோட பிடிச்சு அரைச்சு அழிக்கறாங்க. நல்ல வழிதான், ஆனா ரைகிராஸ் அறுவடை வரைக்கும் விதையில பெரும்பகுதிய கதிர்லயே வச்சிருக்கும், ஃபாலரிஸ் மைனர் அதுக்கு முன்னாடியே கொட்டிடும். அதனால நம்மள்ல ஃபாலரிஸ் உள்ளவங்க அந்த மிஷினுக்கு காசு போடறது வீண்ங்கறது என் கருத்து. தலைவருக்கு இதுல உடன்பாடு இல்ல, அதயும் பதிவு பண்ணிடறேன்.

நம்ம எடத்துல வேலை செய்யறது வேற. கோதுமைய கொஞ்சம் முன்கூட்டியே விதைச்சா குளிர் வந்து ஃபாலரிஸ் முளைக்கறதுக்குள்ள பயிர் நிலத்த மூடிடும், உழவில்லாம விதைச்சா மண்ண கிளறாததால முளைப்பும் குறையும், வரிசை நெருக்கமா இருக்கணும், ஈரம் இருக்கறப்போ முளைக்கறதுக்கு முன்னாடியே பெண்டிமெத்தலினோ பைராக்ஸாசல்ஃபோனோ அடிச்சிடணும், ரெண்டு மூணு போகத்துக்கு ஒரு தடவ தீவனப் பயிருக்கு மாறணும். கடைசியா சொன்னதுக்குத்தான் யாரும் ஒத்துக்கல, ஏன்னா விக்கறது யாருன்னு கேக்கறாங்க, நியாயமான கேள்விதான், அடுத்த கூட்டத்துல பேசலாம். தப்பிச்ச செடிய கதிர் விடறதுக்கு முன்னாடி பிடுங்குங்க, சின்னதா இருக்கறப்ப கோதுமை மாதிரியேதான் இருக்கும், தண்டோட அடிய பாத்தா செவப்பா இருக்கும், அதுதான் அடையாளம்.

வாடகைக்கு விடற அறுவடை மிஷின ஒரு வயல்லேந்து அடுத்த வயலுக்கு போறப்ப சுத்தம் பண்ணனும்னு தீர்மானம் நிறைவேறிடுச்சு, செய்யாதவங்களுக்கு அடுத்த தவணை மிஷின் கிடையாது. விதை சலிக்கற சல்லடை சங்க அலுவலகத்துல இருக்கு, எடுத்துட்டுப் போனா திருப்பிக் குடுங்க. சந்தா பாக்கிய பொருளாளர் இப்ப வாசிப்பாரு.