ஞாயித்துக்கிழமை மீட்டிங், ஹாஸ்பிட்டல் பில் விஷயமா

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு சர்ச் ஹால்ல மீட்டிங், கோயில், மசூதி, சர்ச்னு எல்லாரும் ஒண்ணா சேர்ந்து ஹாஸ்பிட்டல் நிர்வாகத்துக்கு மனு குடுக்கப்போறோம், கண்டிப்பா வந்துருங்க. லாப நோக்கம் இல்லைன்னு வரிவிலக்கு வாங்கிட்டு, பில் கட்ட முடியாதவங்க மேல கேஸ் போட்டு சம்பளத்துல பிடிக்கிறது என்ன நியாயம்? இதே அமெரிக்காவுல, மெம்ஃபிஸ் நகரத்துல மெதடிஸ்ட் ஹாஸ்பிட்டல் 2014லேருந்து 2018 வரைக்கும் 8,300க்கு மேல கேஸ் போட்டாங்க, சொந்த ஊழியர்களைக்கூட விடல, 2019ல செய்தி வெளிய வந்து ஊரே கேள்வி கேட்டதும்தான் ஆயிரக்கணக்கான பேர் கடனைத் தள்ளுபடி பண்ணாங்க.

இன்னொண்ணு, மொதல் பில் வந்ததுலேருந்து 240 நாளுக்குள்ள கட்டண உதவிக்கு (ஹாஸ்பிட்டலே பில்லைக் குறைக்கிற இல்ல தள்ளுபடி பண்ற திட்டம்) அப்ளை பண்ணலாம், கலெக்‌ஷனுக்கு, அதாவது கடன் வசூல் பண்றவங்ககிட்ட போயிருந்தாலும் சரி, லாப நோக்கம் இல்லாத ஹாஸ்பிட்டல்களுக்கு இது ஃபெடரல் சட்டத்துலயே இருக்கு, தெரியாம கிரெடிட் கார்டுல தேய்ச்சுக் கட்டிறாதீங்க. லெட்டர் ஏதும் வந்திருந்தா பேர், அக்கவுண்ட் நம்பரை மறைச்சு ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க.