'முடம்' என்ற சொல்லின் வேர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் முடக்கத்தான் கீரை பற்றி வெளிவந்த கட்டுரை, அப்பெயரை 'முடக்கு அறுத்தான்' என்று சரியாகவே பிரித்துக் காட்டியிருந்தது. ஆனால் முடக்கு என்றால் நடக்க இயலாமை என்று சொல்லி நிறுத்திக்கொண்டதால், சொல்லின் வேர் வாசகர் கண்ணுக்குப் படாமலே போயிற்று.

'முட' என்ற அடிக்கு வளைவு என்பதே முதற்பொருள். வளைந்து முதிர்ந்த பலாமரத்தைச் சங்கப் புலவர்கள் 'முடமுதிர் பலவு' என்றனர். குடம் போன்ற பழங்களைத் தாங்கி நிற்கும் அம்மரத்தை அவர்கள் குறையுடையதாகப் பாடவில்லை. முடங்குதல், முடக்கம், முடக்குவாதம் எல்லாம் இவ்வேரில் கிளைத்தவையே. மூட்டு மடங்கி நீட்ட வராமற்போன காலை முடம் என்றதும் அதன் வடிவைக் கண்டுதான். நடக்க இயலாமை என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

ஐயூர் முடவனார் என்றே ஒரு புலவரை நம் இலக்கியம் 'ஆர்' விகுதியோடு போற்றி வைத்திருக்கிறது. புறநானூற்றின் 399ஆம் பாடலில் அவர் தாமான் தோன்றிக்கோன் என்ற சிற்றரசனிடம் வேண்டியது வண்டிக்கு ஒரு பகடு, அதாவது எருது. அவனோ விண்மீன் பூத்தாற்போன்ற ஆனிரைகளையும் (பசுக்கூட்டங்களையும்) ஊர்தியையும் சேர்த்தே தந்தான்.

'முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதுபோல' என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் பழமொழிக்கு நிகரான காட்சி, குறுந்தொகையின் 60ஆம் பாடலில் பரணர் வாக்காக இருக்கிறது. மலையுச்சித் தேனடையைக் கண்ட முடவன், கீழே அமர்ந்தபடி உள்ளங்கையைச் சிறு கிண்ணம்போலக் குவித்து, தேனைச் சுட்டிச் சுட்டிக் கையை நக்கி இன்புறுகிறான். அவனோடு தன்னையே ஒப்பிட்டுப் பேசுபவள் தலைவி. காதலர் அன்பு செய்யாவிடினும் அவரைப் பலமுறை காண்பதே என் உள்ளத்துக்கு இனிது என்கிறாள். இதில் ஏளனத்தின் நிழல்கூட இல்லை; ஏளனம் பிற்காலத்தார் சேர்த்தது என்றே நான் கருதுகிறேன்.

எனவே 'முடமான நிர்வாகம்' போன்ற தலைப்புகளைத் தங்கள் இதழ் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மனிதரைக் குறிக்க, தமிழ்நாட்டில் அரசுத் துறையின் பெயரிலேயே இடம்பெற்றுவிட்ட 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் இருக்கிறது. பழம்பாடலை மேற்கோள் காட்டும்போது மட்டும் 'முடவன்' என்பதைத் திருத்தாமல் அப்படியே அச்சிட்டு, அருகில் அதன் வேர்ப்பொருளையும் ஒரு வரியில் தந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருநெல்வேலி.