கோமதிக்கு, மீன் தொட்டி விவரம்

அன்புள்ள கோமதி,

மீன்கள் எல்லாம் நலம். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் நீ மற்றதைப் படிக்காமல் இதையே தேடிக்கொண்டிருப்பாய். அந்தத் தீவில் டவர் கிடைப்பதே பெரிய பாடு என்றாய். அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கிடைக்கும்போது படி. போனில் கூப்பிட்டால் "நல்லா இருக்கேம்ப்பா, வைக்கிறேன்" என்பதற்கு மேல் உன்னிடமிருந்து ஒன்றும் வருவதில்லை.

ஃப்ரிட்ஜில் நீ ஒட்டிவிட்டுப் போன தாளை வரி விடாமல் படித்தேன். நாலு பக்கம். உனக்கு எழுத்து அழகு, அதில் எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் கடல்மீன் தொட்டி வற்றினால் "உப்புத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள் அப்பா, நல்ல தண்ணீர்தான்" என்று ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறாய் பார், அதுதான் கொஞ்சம் சுருக்கென்றது. ஆவியாகிறது தண்ணீர், உப்பு அங்கேயேதான் கிடக்கும் என்பதை எனக்கா சொல்லித் தர வேண்டும்? உப்பளத்தில் அதை வைத்துத்தானே உன்னைப் படிக்க வைத்தேன். தண்ணீரின் அடர்த்தி 1.025 என்று நீ எழுதியிருப்பது எங்கள் உப்புப் பாத்திக் கணக்கில் மூன்றரை டிகிரி. இருபத்தைந்தைத் தொட்டால் உப்பு இறங்கும். உன் தொட்டியை அதுவரைக்கும் விட்டுவிடுவேன் என்றா நினைத்தாய்?

இருந்தாலும் நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் சொட்டு மருந்துக் குழாயால் ஒரு சொட்டு எடுத்து, உப்பு அளக்கிற அந்த ரெஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் விட்டு, பால்கனி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நீலமும் வெள்ளையும் சேருகிற கோடு நேற்று 1.026இல் நின்றது. வெயில் அப்படி. மத்தியானம் தண்ணீர் 29 டிகிரி சூடு வந்துவிட்டது, நீ எழுதினபடி கீழ்த்தொட்டி மேல் சின்ன ஃபேனைத் திருப்பி வைத்தேன். சூடு இறங்கியது, ஆனால் தண்ணீர் கூடுதலாக வற்றுகிறது. நீ டேப் ஒட்டி வைத்த கோட்டுக்குக் கீழே ரெண்டு விரல்கடை இறங்கிவிட்டது. ஆர்.ஓ. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றினேன். நல்ல தண்ணீர்தான்.

அழுக்கை நுரையாகப் பிரிக்கிற ஸ்கிம்மர் கோப்பையையும் கழுவிவிட்டேன். கருவாட்டுக் கூடையைக் கழுவின மாதிரி வீச்சம். உங்கம்மா இங்கே இருந்தால் அதை பாத்ரூமில்கூடக் கழுவ விட்டிருக்கமாட்டாள்.

தீனி விஷயத்தில் கவலைப்படாதே. எனக்கு பிரஷர் மாத்திரை போட்டுத் தருவாயே, அதே மாதிரி கிழமை போட்ட டப்பாவில் நீ பிரித்து வைத்திருப்பதுதான், அதற்கு மேல் ஒரு துணுக்குகூடப் போடுவதில்லை. கிட்டப் போனாலே எல்லாம் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து நிற்கின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஆனாலும் போடவில்லை. மீதம் கிடந்தால் அம்மோனியா ஏறிவிடும், ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று நீ எழுதியிருப்பது நியாயம். அது மீனுக்கு. நீ நேரத்துக்குச் சாப்பிடு. முங்குவதற்கு முன் லேசாகவாவது சாப்பிடு. கடலுக்குள் இறங்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தனியாகப் போகாதே.

இப்போது நல்ல சேதி. கோமாளி மீன் முட்டை போட்டிருக்கிறது. சாய்த்து வைத்திருக்கிற மண்சட்டியின் உள்சுவரில், ஆரஞ்சு நிறத்தில், அடுக்கி வைத்த மாதிரி வரிசை வரிசையாக. கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனியாக நின்று ஆடுகிறது. சின்னதுதான் ஆண் என்று எழுதியிருந்தாய். அது அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை. துடுப்பால் விசிறுகிறது, வாயால் தொட்டுத் தொட்டுச் சுத்தம் செய்கிறது. பாசி துடைக்கக் காந்தத்தைக் கொண்டு போனேன், வந்து விரலில் கடித்துவிட்டது! வலியில்லை, ஆனால் தைரியத்தைப் பார். பெரியது செத்துப்போனால் இந்தச் சின்னதே பெண்ணாக மாறிவிடுமாம், கொளத்தூர் மீன் கடைக்காரர் சொன்னார். உங்கம்மாவிடம் போனில் சொன்னேன், "உங்களை வேலையத்த ஆள்னு நினைச்சு யாரோ கதை விட்டுருக்காங்க" என்றாள்.

ஒரு வாரத்தில் ராத்திரி நேரத்தில் பொரியும் என்றும், தனித்தொட்டியும், குஞ்சுக்குத் தீனியாகிற ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரும் இல்லாமல் குஞ்சு தங்காது என்றும் அவரே சொன்னார். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதை வளர்த்தெடுக்கிறார்கள், வீட்டில் லேசில் முடியாது போலிருக்கிறது. நான் என்ன செய்யட்டும், சொல்.

அந்தக் கடைக்காரர் உன்மேல் மரியாதை வைத்திருக்கிறார். வேறு எங்கோ உயிர்ப் பவளம் தருகிறேன் என்று உன்னிடம் பேசினார்களாம், நீ சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினாயாம். அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணைதான் பவளத்துக்கும் என்பது அங்கே நின்ற பல பேருக்குத் தெரியவில்லை. நம் ஊரில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே விலாங்குச்சல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. உன் தாத்தா அதைத் தரையாகப் பார்த்தவர். நீ செய்தது சரி. உனக்கு எது சரி என்று எப்போதும் தெரியும், அதை நான் யாரிடமும் சொல்வேன்.

நேற்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது, வழிந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். நீ போட்ட சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது. பேட்டரி ஏர் பம்ப் முதலில் ஓடியது, அப்புறம் அதுவும் முனகி நின்றுவிட்டது. மாற்று பேட்டரி எங்கே இருக்கிறது என்று தாளில் இல்லை. குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், காற்று கலக்கட்டும் என்று.

"அவசரத்துக்கு" என்று கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருக்கும் நம்பர்களைப் பார்த்தேன். கடைக்காரர், செகரட்டரி, எலக்ட்ரீஷியன், உன் ஆபீஸ் பெண். இந்தத் தொட்டியை ஆசைப்பட்டு வாங்கினதே மாப்பிள்ளைதான். தலைதீபாவளிக்கு வந்த இடத்தில், எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பாத்திக்காட்டுக்கு வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து டிகிரி கேட்டாரே. பேட்டரி எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கும். போனைக் கையில் எடுத்தேன், அப்புறம் வைத்துவிட்டேன். சைட் வேலையில் இருப்பவரை ராத்திரியில் எழுப்புவானேன்.

அந்த நேரத்தில் மேல்வீட்டு மாமி டார்ச்சோடு வந்தார். "உங்க மாப்பிள்ளை இல்லையா? ரொம்ப நாளா காணோமே" என்றார். வெளியூரில் வேலை என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். நல்ல மனுஷிதான், போகும்போது ஒரு மெழுகுவர்த்தி கொடுத்துவிட்டுப் போனார்.

பேட்டரி தேடித்தான் அலமாரியைத் திறந்தேன், வேறு எதற்கும் இல்லை. ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. பழைய துணிகளை எடுத்துக் கொடுத்துவிட்டாய் போலிருக்கிறது. வாசலில் செருப்பு ஸ்டாண்டும் சுத்தமாக இருக்கிறது. வீட்டை நன்றாக வைத்திருக்கிறாய்.

லலிதா அத்தை விஷயத்தில் நம் வீட்டில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். நீ சின்னப்பிள்ளை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். நான் அந்தப் பேச்சில் சேரவில்லை. அதையும் நீ கேட்டிருப்பாய் என்று நினைக்கிறேன்.

சரி, ஊர்ச் சேதி. தம்பிக்குப் பரீட்சை முடிந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. உப்பு விலை பரவாயில்லை என்கிறார்கள். முங்கிவிட்டு அன்றைக்கே விமானம் ஏறக் கூடாதாம், பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம், பேப்பரில் படித்தேன். டிக்கெட்டைப் பார்த்து நாளைக் கணக்குப் பண்ணிக்கொள். தனியாக இறங்காதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

நீ திரும்பினதும் நான் ஊருக்குக் கிளம்புவதாகத்தான் இருந்தது. ஆனால் முட்டை பொரிவதைப் பார்த்துவிட்டுப் போகிறேனே. அவசரம் ஒன்றும் இல்லை. அம்மாவையும் வரச் சொல்லட்டுமா, வேண்டாமா, அதை நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஃப்ரிட்ஜில் இருக்கிற அந்த அவசரத் தாளில் மாப்பிள்ளை நம்பரை எழுதட்டுமா, வேண்டாமா என்று மட்டும் ஒரு வார்த்தை அனுப்பு. வேண்டாம் என்றாலும் சரி. ஏன் என்று கேட்கமாட்டேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா

பேட்டரி டிவிக்குக் கீழ் டிராயரில் இருந்தது, இப்போதுதான் கிடைத்தது.