மாத்திரை வாசலுக்கு வருகிறது. வாசலிலிருந்து நடக்க வழியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்து 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்தைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தயாரித்து வருகிறது. இதையொட்டி மெட்ரோ, மேம்பாலம், கட்டட உயரம் பற்றியெல்லாம் பேசப்படும் அளவுக்கு, வீட்டு வாசலில் தொடங்கும் நடைபாதையைப் பற்றிப் பேசப்படவில்லை. அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், நடைபாதையைச் சாலைப் பணியின் ஓர் உதிரிப் பகுதியாகக் கருதாமல், மருத்துவ வசதியாகவே கருத வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவதிலேயே கழிந்தது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். செருப்புக்குள் புகுந்த கல்லோ, உடைந்த சிலாப்பின் விளிம்பில் பட்ட கீறலோ வலிக்காது. மாலையில் வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அடிபட்டதே தெரியும். அதற்குள் சீழ் பிடித்து, விரலை எடுத்து, சிலருக்குப் பாதத்தையே எடுத்த நாட்களை நான் மறக்கவில்லை. அதே நோயாளிகளிடம், 'தினமும் அரை மணி நேரமாவது நடங்கள்' என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்பியதும் நாங்கள்தான். எங்கே நடப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு, அதாவது வயது வந்தோரில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேகமாக நடப்பதே அதற்குப் போதும். தமிழக அரசு இதை உணராமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அத்திட்டத்தின் பயனை நேரில் கண்டவள் என்பதால் மனமாரப் பாராட்டுகிறேன். 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதைகளும் அறிவிக்கப்பட்டன. நல்ல முயற்சிதான். ஆனால் சென்னையில் அந்தப் பாதை பெசன்ட் நகர்ப் பக்கம் இருக்கிறது. ஆதம்பாக்கத்தில் இருக்கும் எழுபது வயதுக்காரர் அங்கே போய் நடக்க வேண்டுமானால், முதலில் தம் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பத்திரமாக நடந்தாக வேண்டும். மாதத்தில் ஒரு நாள் போய் நடக்கும் பாதையால் சர்க்கரை குறையாது. பால் வாங்க, ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு என்று தினமும் நடக்கும் நடைதான் மருந்தாகிறது.

என் கணவருக்குச் சர்க்கரை வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெரு அறுநூறு மீட்டர்தான் இருக்கும். அந்த அறுநூறு மீட்டரில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மேல்மூடியே. சிலாப்புகள் ஒரே மட்டத்தில் இல்லை. சில இடங்களில் மூடியே இல்லை. நடுவில் மின்பகிர்மானப் பெட்டி நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கினால், நிறுத்தியிருக்கும் இருசக்கர வாகனங்களுக்கு வெளியே, ஓடும் வண்டிகளுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். வீட்டுக்கு வீடு வண்டி ஏற்றுவதற்காகப் போட்ட சாய்தளங்கள் நடைபாதையைத் துண்டு துண்டாக அறுத்திருக்கின்றன. இதில் எங்கள் தெருக்காரர்களான எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். அந்தப் பள்ளத்தில் என் கணவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றிலிருந்து அவர் தெருவுக்கு வருவதில்லை. மொட்டை மாடியில் சுண்ணாம்பால் எட்டு வரைந்து, காலையும் மாலையும் அதிலேயே சுற்றி வருகிறார். எங்கள் தெருவில் மட்டும் அப்படி மாடியில் நடப்பவர்கள் ஐந்தாறு பேர். முன்பு தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள், இப்போது மாடிக்கு மாடி கையசைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை அளவு ஒருவேளை குறையலாம். மனச்சோர்வு குறைவதாக எனக்குத் தெரியவில்லை.

விதிகள் இல்லாததால் இந்த நிலை வந்துவிடவில்லை. சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல்படி, குடியிருப்புப் பகுதியிலும் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நடைபாதை விளிம்பின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. 2014-இல் சென்னை மாநகராட்சி, நடை, சைக்கிள் போன்ற மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்று, 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை அமைப்பது என்று இலக்கும் வைத்தது. பாதுகாப்பான நடைபாதை அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. இவ்வளவும் இருந்தும் நடக்க இடமில்லாமல் போவதற்குக் காரணம், தெருவின் அகலத்தைப் பங்கிடும்போது வண்டிக்கு முதலில் அளந்து கொடுத்துவிட்டு, மிச்சத்தில் வடிகாலையும் மின்பெட்டியையும் மரத்தையும் மனிதரையும் ஒன்றாகத் திணிப்பதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. அதற்கு ஈடாக நடைபாதையையும் உயர்த்தினால், முழங்கால் வலியுள்ளவர்களால் அதில் ஏற முடிவதில்லை.

திட்டம் தீட்டுபவர்கள் அநேகமாக யோசிக்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை சாப்பிடும் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் அப்படியே. வழியில் கழிப்பறை இல்லாத தெருவில் ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். பெண்கள் வெளியே கிளம்புவதையே விட்டுவிடுகிறார்கள், அல்லது தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறார்கள். மே மாதத்துச் சென்னையில் தண்ணீர் குடிக்காமல் வெளியே போவது என்ன செய்யும் என்பதை அவசரச் சிகிச்சைப் பிரிவில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு, முந்நூறு மீட்டருக்கு ஓர் இருக்கை, தொடர்ச்சியான மர நிழல், சுத்தமான ஒரு கழிப்பறை ஆகிய மூன்றும் இருந்தால், இப்போது வீட்டுக்குள் முடங்கியிருக்கும் முதியவர்களில் பலர் தாமாகவே நடக்க வருவார்கள். பூவரசும் புங்கையும் நட்டால் போதும். பேரீச்சை நட்டு அழகு பார்க்கும் சாலைகளில் யாருக்கும் நிழல் கிடைப்பதில்லை.

இதெல்லாம் நம் ஊரில் நடக்காது என்று சொல்பவர்கள், 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை ஒருமுறை மாலையில் போய்ப் பார்க்கட்டும். முன்பு தோள் இடிக்காமல் நடக்க முடியாத அந்தச் சாலையில், இன்று பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகிறார்கள். ஆனால் அது கடைகளுக்கு வருகிறவர்களின் சாலை. குடியிருக்கிறவர்களின் தெருக்களுக்கும் அந்த அக்கறை வர வேண்டும். நடைபாதையைச் சீராக்குகிறோம் என்று பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டுவதை நான் ஏற்கவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. தவிர, இருட்டிய பிறகு ஒரு பெண் தயங்காமல் நடக்க முடிவது, அவர்கள் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் தெருக்களில்தான்.

ஆகவே மூன்றாவது முழுமைத் திட்டத்தில், ஒவ்வொரு வார்டிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, பேருந்து நிறுத்தம், பூங்கா ஆகியவற்றைக் குடியிருப்புகளோடு இணைக்கும் நடைபாதைகளை வரைபடத்திலேயே குறித்து, அவற்றை முதலில் முடிக்க வேண்டும். எந்தெந்தத் தெருக்களில் முதியவர்கள் வெளியே வராமல் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போகும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு முன்னுரிமையை வகுக்கலாம். தெருவைத் தோண்டும் எந்தத் துறையானாலும் ஒப்பந்ததாரரானாலும், சிலாப்பைப் பழைய மட்டத்துக்குப் பதித்து, சக்கர நாற்காலி ஒன்றை அதன்மேல் ஒருமுறை தள்ளிக் காட்டிய பிறகே இறுதித் தவணைப் பணம் வழங்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
ஆதம்பாக்கம், சென்னை