ஆர்கிட் செடியைத் தண்ணீர் ஊற்றியே சாகடிக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரியில் இப்போது புதுமனை புகுவிழா என்றாலும் கல்யாண நாள் என்றாலும் யாராவது ஒருவர் ஓசூர் பக்கம் போய் ஒரு ஆர்கிட் தொட்டியை வாங்கி வந்துவிடுகிறார்கள். பூ இருக்கும்வரை வீடே அதைச் சுற்றித்தான் நிற்கும். 3 மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் தொட்டி இருக்கும், செடி இருக்காது. கேட்டால், "நமக்கு இந்தச் செடி ராசியில்லைங்க" என்பார்கள். ராசியெல்லாம் ஒன்றும் இல்லை, தண்ணீர்தான் காரணம். அதை உங்கள் பத்திரிகை வழியாக நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் முதல் சம்பளத்தில் எனக்கு வாங்கி வந்தது ஃபெலனாப்சிஸ் என்கிற ஆர்கிட் வகை. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், ஒரே காம்பில் 9 பூ. விற்ற நர்சரியில் எப்படி வளர்ப்பது என்று கேட்டதற்கு, "தினமும் ஒரு டம்ளர் ஊத்துங்க, வெயில்ல வைக்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன். 20 வருடமாக ரோஜாவும் மல்லியும் வளர்க்கிறவள் நான், காலையில் எழுந்ததும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். தை மாதம் வந்த செடி, பங்குனியில் இலை துவண்டு சுருங்கியது. இலை சுருங்கினால் தண்ணீர் போதவில்லை என்றுதானே நினைப்போம், இன்னொரு டம்ளர் சேர்த்து ஊற்றினேன். சித்திரையில் ஒரு நாள் தொட்டுப் பார்த்தபோது நடுக்குருத்து அப்படியே கையோடு வந்துவிட்டது. மகளிடம் சொல்ல எனக்கு 2 நாள் ஆனது.

தொட்டியைக் கவிழ்த்தேன், சாக்கடை வாடை அடித்தது. செடியை மண்ணுக்குப் பதிலாக நட்டிருந்த காய்ந்த பாசி (மாஸ்), மேலே உலர்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே பிழிந்தால் சொட்டும் ஈரத்தோடு பஞ்சுருண்டை போல இறுகிக் கிடந்தது. வேர் எல்லாம் பழுப்பு நிறம். ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன், தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். வேரே இல்லாத செடி எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? இலை சுருங்கியது தாகத்தால்தான், ஆனால் அந்தத் தாகத்துக்குக் காரணம் நான் ஊற்றிய தண்ணீர். இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் அந்தச் செடி பிழைத்திருக்கும். இலை வாடினால் உடனே குவளையை எடுக்காமல் முதலில் வேரைப் பார்க்க வேண்டும். வேர் வெளுத்துக் கெட்டியாக இருந்தால் தண்ணீர் கேட்கிறது, பழுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் தண்ணீரை நிறுத்தச் சொல்கிறது.

பள்ளிக்கூடத்தில் தொற்றுத் தாவரம் என்று ஒரு பாடம் படித்திருப்போம், வாண்டா என்கிற ஆர்கிட், அதன் வேரில் இருக்கிற வெலமன் திசு என்று மார்க்குக்காக மனப்பாடமும் செய்திருப்போம். நாம் வாங்கி வருவது அதன் சொந்தக்காரச் செடிதான். ஃபெலனாப்சிஸ் காட்டில் மண்ணில் நிற்பதில்லை, மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றில் வேரை விட்டு வாழும். மரத்தின் சாற்றை உறிஞ்சுகிற ஒட்டுண்ணி என்று சிலர் பயப்படுகிறார்கள், அது தவறு, மரத்தில் உட்கார மட்டும்தான் செய்கிறது. மழை பெய்தால் வேர் நன்றாக நனையும், அப்புறம் காற்றில் காயும். வேரைச் சுற்றியிருக்கிற அந்த வெலமன் உறை ஸ்பாஞ்சு மாதிரி நீரை இழுத்துக்கொள்ளும். காய்ந்திருக்கும்போது விபூதி பூசிய மாதிரி வெளுத்து இருக்கிற வேர், தண்ணீர் பட்டதும் கண் முன்னாலேயே பச்சையாக மாறும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் அடுப்பில் பாலை வைத்ததையே மறந்து நின்றுவிட்டேன். உள்ளே தெரிகிற அந்தப் பச்சை, இலையில் இருப்பது போன்ற பச்சையம்தான், வேரும் வெளிச்சத்தில் உணவு செய்கிறது. அதனால்தான் இந்தச் செடியைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் விற்கிறார்கள். நாம் வீட்டுக்கு வந்ததும் அழகுக்காக அதை ஓட்டையில்லாத பீங்கான் குடுவைக்குள் இறக்கிவிடுகிறோம், அடியில் தண்ணீர் தேங்குவது வெளியே தெரிவதே இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு முறை ஊற்றுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாள் கணக்கே வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து லேசாக இருக்கிறதா, உள்ளே வேர் வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள், இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். என் வீட்டில் கோடையில் 4 நாளுக்கு ஒரு முறை, ஐப்பசி மழையில் 9, 10 நாள்கூட ஆகும். ஓசூரில் குளிர்ச்சி அதிகம், அங்கே இன்னும் தாமதமாகும், தருமபுரி வெயிலுக்குச் சீக்கிரம் காயும். ஊற்றுகிற அன்றைக்கு ஒரு டம்ளர் கணக்கெல்லாம் வேண்டாம், தாராளமாகக் கொடுங்கள். காலையில் ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, தொட்டியை 10, 15 நிமிடம் அதில் வைத்து, பிறகு எடுத்துச் சொட்டுச் சொட்டாக வடிகிறவரை சாய்த்து வைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று செடி இருந்தால் ஒன்றை ஊறவைத்த தண்ணீரில் அடுத்ததை வைக்கக்கூடாது, நோய் பரவும். இலைகள் கூடுகிற நடுக்குழியில் தண்ணீர் நின்றால் பழைய துணியின் நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், என் செடியின் குருத்து அழுகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூடையில் மண்ணோ பாசியோ இல்லாமல் வேர் தொங்குகிற வாண்டாவை யாராவது வைத்திருந்தால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. நம் ஊர் வெயிலில் அதன் வேர் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும், அதற்கு தினமும் தண்ணீர் வேண்டும். இரண்டையும் ஆர்கிட் என்ற ஒரே பெயரில் விற்பதால்தான் நர்சரியில் சொல்கிற யோசனையும் மாறிப்போகிறது என்று நினைக்கிறேன்.

நம் மாவட்டத்துக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, என்ன தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது. நம் போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃப்ளோரைடு பிரச்சினைக்காகவே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. போர் தண்ணீர் வைத்த குடத்தின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் தொட்டி விளிம்பிலும் வேரிலும் படியும், வேர் நுனி கருகும். ரோஜா மண்ணில் இருப்பதால் ஓரளவு தாங்கிக்கொள்ளும், ஆர்கிட் வேருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மழைத் தண்ணீர்தான் இதற்கு அமிர்தம். முதல் மழையில் மொட்டை மாடி கழுவிப் போகட்டும், அடுத்த மழையில் ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தால் ஒன்றிரண்டு செடிக்கு மாதக்கணக்கில் வரும். அது இல்லாவிட்டால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாம். ஆனால் ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வீடு கழுவ, பாத்திரம் தேய்க்க அது சரி. வடிகட்டிய உப்பு எல்லாம் அதில்தான் இருக்கிறது, ஆர்கிட் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள். ஓசூர் அடுக்குமாடிகளில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க வைத்திருக்கிற சாஃப்ட்னர் வழியாக வருகிற தண்ணீரும் வேண்டாம், அதில் சோடியம் ஏறியிருக்கும்.

வேர் அழுகிய செடியையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். நடுக்குருத்து உயிரோடு இருந்து, 2 வேராவது கெட்டியாக இருந்தால் மீட்கலாம். பாசியை முழுதாக எடுத்துவிட்டு, கத்தரிக்கோலை நெருப்பில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ, கொழகொழத்த வேரை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய வாயில் சமையலுக்குப் போடுகிற பட்டையின் தூள் கொஞ்சம் வைக்கலாம், நல்ல வேரில் படக்கூடாது, அது வேரை உலர்த்திவிடும். மறுபடி நடுவதற்குச் செம்மண்ணும் வேண்டாம், மாட்டெருவும் வேண்டாம். மரக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு, தண்ணீரை மாற்றி மாற்றி 3 நாள் ஊறவைத்த தேங்காய் மட்டைத் துண்டு, இவை போதும், எல்லாம் நம் தெருவிலேயே கிடைக்கும். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வேரை அசிங்கம் என்று வெட்டவோ உள்ளே திணிக்கவோ வேண்டாம். அது செடியின் இயல்பு. உரம், புது வேர் வந்த பிறகு 15 நாளுக்கு ஒரு முறை, ஆல் 19 என்று கடையில் விற்கிற 19:19:19 உரம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், அதையும் வேரை நனைத்த பிறகுதான்.

ஏற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் படகுத்துறையோடு திரும்பிவிடாமல், அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்கிட் தோட்டத்தையும் ஒரு முறை பார்த்து வாருங்கள், இந்த வேர் எதைப் பிடித்து எப்படி வாழ்கிறது என்று நேரில் பார்த்தால் நூறு குறிப்பு படித்த மாதிரி. காட்டு மரத்தில் இருப்பதைப் பிடுங்கி மட்டும் வந்துவிடாதீர்கள்.

இனி ஒரு கோரிக்கை. மலர் விவசாயத்துக்குப் பெயர் பெற்ற மாவட்டம் நம்முடையது, தளியில் கொய்மலர் மகத்துவ மையமே இருக்கிறது. இங்கே விற்கிற ஆர்கிட் தொட்டியில் ஒரு சின்னச் சீட்டு, தமிழில், "மண் வேண்டாம், வேர் வெளுத்த பிறகு தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம்" என்று ஒட்டி விற்க நர்சரிக்காரர்களைத் தோட்டக்கலைத் துறை கேட்டுக்கொள்ள வேண்டும். சீட்டு அச்சடிக்க ஒரு ரூபாய்கூட ஆகாது, அதை வாங்குகிறவர் கொடுப்பதோ 600, 700 ரூபாய். அந்தப் பணம் பல வீடுகளில் ஒரு பெண் பிள்ளை மிச்சம் பிடித்து அம்மாவுக்கு வாங்கித் தந்த பணமாக இருக்கும்.

மகள் இரண்டாவதாக ஒன்று வாங்கி வந்தாள். அது கிழக்கு ஜன்னலில் இருக்கிறது, நேற்றுக் காலை பார்த்தேன், அடி இலைக்குக் கீழே பச்சையாக ஒரு புது வேர் நுனி, அரிசி அளவுக்கு வெளியே வந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி.