பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்து: கொழும்பு மருந்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் பாமசி நடத்துபவர்களுக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துத் தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இருப்பது வெள்ளவத்தையில். எனக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது கை நடுக்கம் அல்ல, பேரேடுதான். பக்கத்தின் மேலே ஒழுங்காகத் தொடங்கும் இலக்கங்கள் கீழே போகப் போக எறும்பு போலச் சிறுத்துவிடும். எழுத்து சிறுத்துப்போவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று அப்புறம்தான் டொக்டர் சொன்னார்.

இப்போது என் நாள் குளிசை நேரத்தை வைத்துத்தான் ஓடுகிறது. உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றுதான். நீண்ட நேரம் வேலை செய்யும் குளிசைக்குப் பதிலாகச் சாதாரணக் குளிசையைச் சொல்லாமல் கொள்ளாமல் தராதீர்கள். சாதாரணத்துக்குப் பதிலாக மற்றதையும் அப்படித் தராதீர்கள்.

எனக்கு அது நடந்தது. கடையின் பெயர் வேண்டாம். துண்டில் மருந்தின் பெயருக்குப் பின்னால் சி.ஆர். (CR), அதாவது மருந்தை மெல்ல மெல்ல வெளிவிடும் நீண்ட நேரக் குளிசை, என்று டொக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். கவுண்டரில் நின்ற தம்பி, "அங்கிள், இதுவும் அதே மருந்துதான், கம்பனி மட்டும் வேற" என்றார். மில்லிகிராம் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. இரவு படுக்கப் போகும்போது போட்டேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தும் தோளும் தாமாகவே நெளியத் தொடங்கின. அது அடங்கிக் கண்ணயர்ந்தால், நடுச்சாமத்தில் உடம்பு அப்படியே இறுகிவிட்டது. புரண்டு படுக்கவும் மனைவியை எழுப்பவேண்டி வந்தது. காலையில் பெட்டியைப் பார்த்த என் மகள்தான் சி.ஆர். இல்லை என்று கண்டுபிடித்தாள்.

அந்தத் தம்பி சொன்னது முழுப் பொய் அல்ல. உள்ளே இருப்பது அதே லெவோடோபாவும் கார்பிடோபாவும்தான். லெவோடோபா மூளைக்குள் போய், எங்களுக்குக் குறைந்துபோன டோபமினாக மாறும். அது வழியிலேயே வீணாகாமல் காப்பது கார்பிடோபா. ஆனால் சாதாரணக் குளிசை வயிற்றுக்குள் உடனே கரைந்து, அரை மணி நேரமளவில் இரத்தத்தில் உச்சத்துக்குப் போய்விடும். கார்பிடோபா துணைக்கு இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் அதில் பாதி குறைந்துவிடும். சி.ஆர். மெல்ல மெல்லக் கசிந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில்தான் உச்சத்தைத் தொடும். அதோடு சி.ஆரிலிருந்து உடம்புக்குப் போய்ச் சேரும் லெவோடோபா, சாதாரணக் குளிசையிலிருந்து சேர்வதில் சுமார் 70 முதல் 75 வீதம்தான். ஆகவே இதில் 200 மில்லிகிராமும் அதில் 200 மில்லிகிராமும் பெட்டியில் மட்டும்தான் சமம்.

நோய் தொடங்கிய காலத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மூளையில் மிஞ்சியிருக்கும் நரம்புக் கலங்கள் வருகிற மருந்தைச் சேமித்துவைத்துப் பக்குவமாகச் செலவழிக்கும். வருடங்கள் போகப் போக அந்தச் சேமிப்பு குறைகிறது. இரத்தத்தில் மருந்து ஏறினால் நானும் ஏறுகிறேன், இறங்கினால் நானும் இறங்குகிறேன். மருந்து வேலை செய்யும்போது காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, சில்லறை எண்ணிக் கொடுப்பேன். அது ஓய்ந்த நேரத்தில் சட்டைப் பொத்தான் பூட்டுவதே பெரும் பாடு. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கத்தான் டொக்டர் ஒவ்வொரு வருகையிலும் கேள்வி கேட்டுக் கேட்டு, சாதாரணத்தையும் சி.ஆரையும் கலந்து ஒரு நேர அட்டவணை போடுகிறார். அதை ஒரு நிமிடத்தில் கவுண்டரில் கலைத்துவிடலாம்.

மலிவான மருந்துக்கோ வேறு கம்பனி மருந்துக்கோ நான் எதிரி அல்ல. மருந்தைப் பொதுப்பெயரில் வாங்கி மக்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்று மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய நாடு இது. 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மருந்துக்கடையான ஒசுசலயில்தான் நானும் பல மருந்துகளை வாங்குகிறேன். கம்பனி மாறட்டும். சி.ஆருக்குப் பதிலாக இன்னொரு சி.ஆர். என்றாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தாருங்கள், ஒரு வாரம் உடம்பைக் கவனித்துக்கொள்வேன். வெளியாகும் விதம் மாறுவது வேறு சங்கதி. அதற்கு டொக்டரிடம் கேட்கவேண்டும்.

பெட்டியில் உள்ள இலக்கங்களும் ஆளைக் குழப்பும். 110 என்றால் 100 லெவோடோபாவும் 10 கார்பிடோபாவும். 275 என்றால் 250உம் 25உம். இது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மருந்து கொடுப்பவருக்குத் தெரியாது. வயதானவர்கள் இருக்கும் பல வீடுகளில் மருந்தை எடுத்துக் கொடுப்பது மலையகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பிள்ளையோ, பக்கத்து வீட்டு அக்காவோதான். அவர்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். நீங்கள் உறையில் ஆங்கிலத்தில் கிறுக்கிய எழுத்து அவர்களுக்கு என்ன சொல்லும்? "நசுக்கவோ மெல்லவோ கூடாது" என்று தமிழில் எழுதுங்கள். விழுங்கக் கஷ்டப்படும் நோயாளிக்குக் குளிசையை இடித்துப் பாணியில் குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரண வழக்கம், அன்பாகச் செய்வதுதான். சி.ஆரை இடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். சிலவற்றைக் கோட்டில் பாதியாக உடைக்கலாம், சிலவற்றை அதுவும் கூடாது. எது எது என்று உங்களிடம்தான் கேட்கமுடியும்.

அதே உறையில் "காலை, பகல், இரவு" என்ற கட்டங்களும் எங்களுக்குப் போதாது. ஆறு மணி, பத்து மணி என்று மணிக்கணக்கில் எழுதித் தாருங்கள். இறைச்சி, மீன், பருப்பில் உள்ள புரதம் லெவோடோபாவோடு போட்டி போடும் என்பதால் சாப்பாட்டு நேரமும் எங்களுக்கு ஒரு கணக்கு. எல்லா உறைக்கும் "சாப்பாட்டுக்குப் பின்" என்று போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, இதை மறக்கமுடியாது. பார்க்கின்சன்காரர்களுக்கு எழும்பி நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். துண்டு இல்லாமல் வந்து "தலைச்சுற்றுக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்போம். கை பழக்கத்தில் ஸ்டெமெட்டிலை நோக்கிப் போகும். வாந்தி என்றால் மெட்டோகுளோப்ரமைடு. இரண்டும் டோபமினைத் தடுப்பவை. நாங்கள் பாடுபட்டு ஏற்றும் டோபமினை வேலை செய்யவிடாமல் தடுத்து எங்களைப் படுக்கையில் போட்டுவிடும். தலைச்சுற்றுக்குக் கொடுக்கும் சினரிசினும் அந்தப் பக்கத்து ஆள்தான். கொடுப்பதற்கு முன்னால் வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

பார்க்கின்சனுக்கே தரும் ரோபினிரோல், பிராமிபெக்சோல் போன்ற வேறு மருந்துகளிலும் ஒரு நாளைக்கு ஒரு தடவை போடும் நீண்ட நேர வகை உண்டு. அவை சிலருக்குச் சூதாட்ட ஆசையையும் வாங்கிக் குவிக்கும் ஆசையையும் கிளப்பிவிடும். சந்திக்குச் சந்தி லொத்தர் விற்கும் ஊர் இது. நோயாளி தானாக வந்து சொல்லமாட்டார், வெட்கம். வீட்டாரிடம் நீங்கள் முதலிலேயே காதில் போட்டு வையுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் மருந்தையும் சிலர் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரைட்டரி என்ற, அதே லெவோடோபாவும் கார்பிடோபாவும் உள்ள நீண்ட நேரக் கப்சூல் ஒன்று உண்டு. அதன் மில்லிகிராமை மற்றக் குளிசைகளின் மில்லிகிராமோடு ஒன்றுக்கு ஒன்று மாற்றக்கூடாது. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அனுப்பினார் என்பதற்காக யாரும் தாமாக மாற்றிப் போடாமல் நீங்கள் தடுக்கலாம்.

தட்டுப்பாடு வரும், தெரியும். 2022 இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு அலைந்தபோது, உங்களில் சிலர் இருந்த அட்டைகளைப் பங்குபோட்டு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை. இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் சி.ஆர். முடிந்துவிட்டது என்றால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். கையில் பிடித்ததைக் கட்டியும் தராதீர்கள். துண்டில் டொக்டரின் நம்பர் இருக்கிறது, ஓர் அழைப்பு எடுங்கள். சரக்கு குறைகிறது என்று தெரிந்தால் ஒரு வாரம் முந்தியே சொல்லிவிடுங்கள். என் நம்பரைத் துண்டின் பின்புறம் எழுதித் தருகிறேன். எழுத்து சிறிதாகத்தான் இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய கணக்குப்பிள்ளை